இல்லத்தில் பரவும் வயிற்று நோய்



ஓர் இரவு என் இளைய மகனுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. தரையைத் துணியால் துடைத்தேன். கையில் சானிடைசரைத் தடவிக்கொண்டு, அக்கையாலேயே என் தாயாருக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன். மறுநாள் மாலை அவரும் படுக்கையில் வீழ்ந்தார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. எங்கே பிழைத்தேன் என்று ஆராய்ந்ததன் பயனே இப்பேச்சு.

1968-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நார்வாக் நகரப் பள்ளியொன்றில், மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய நோயுற்றனர். அவர்கள் வாயிலாக வீட்டாருள்ளும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை அது தொற்றியது. 1972-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே அக்கிருமி புலப்பட்டது. அதனையே இன்று நோரோ வைரஸ் என்கிறோம்.

நோயாளியின் வாந்தியிலும் மலத்திலும் இக்கிருமி கோடிக்கணக்கில் வெளிப்படும். நூற்றுக்கும் குறைவான துகள்கள் வாய்க்குள் சென்றாலே நோய் உண்டாகலாம். கொழுப்புறை பூண்ட வைரஸ்களை ஆல்கஹால் எளிதில் அழிக்கும். இதற்கோ அவ்வுறையே இல்லை. ஆகவே சானிடைசரை நம்புதல் தகாது. சோப்பும் ஓடும் நீரும் கிருமியைக் கொல்லாவிடினும் கையினின்று கழுவி அகற்றிவிடும். இருபது நொடியேனும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

வாந்தி விழுந்த இடத்தைக் கையுறை அணிந்து துடைத்தபின், பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிச் சில நிமிடம் விட்டுவைக்க வேண்டும். கதவின் கைப்பிடியையும் குழாயின் திருகையும் மறத்தலாகாது. நோயாளிக்குத் தனித் துண்டும் தனிக் குவளையும் தேவை. நோய் நின்றபின்னும் இரண்டு நாள்வரை அவர் அடுப்பங்கரைக்குள் புகாதிருத்தல் நன்று.

வாந்தியாலும் பேதியாலும் உடல் இழக்கும் நீரே உயிருக்கு ஆபத்து விளைவிப்பது. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியை உறையில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுக்கலாம். அது கிட்டாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் பருகச் செய்க. சிறுநீர் குறைந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நான்கு நாள் துன்புற்றபின் என் தாயார் எழுந்து நடமாடினார். அன்பு மிகுதியால்தான் அன்று அவருக்குப் பால் கொடுத்தேன். ஆயினும் கை கழுவாத அன்பு அவருக்கு நோயையே கொணர்ந்தது. இல்லத்தில் ஒருவர் நோயுறும்போது, நீங்களேனும் இதனை நினைவிற் கொள்வீர்களாக.