பிலிம் காலத்து லென்ஸ் இன்றைய டிஜிட்டல் கேமராவில் இயங்குமா? பொருத்தும் முன் கவனிக்க வேண்டியவை

திருப்பதி: உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் இன்று இயங்கவில்லை. அதன் 'இந்து' பிலிம் சுருள்கள் ஓடிய கேமராக்களும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. ஆனால் அந்தக் கேமராக்களின் முகப்பில் இருந்த லென்ஸ்களுக்கு அதே கதி நேர வேண்டியதில்லை. லென்ஸின் பணி ஒளியைக் குவிப்பது மட்டுமே. பின்னால் இருப்பது பிலிமா, டிஜிட்டல் சென்சாரா என்பது கண்ணாடிக்குத் தெரியாது.

சித்தூர், திருப்பதி போன்ற நகரங்களில் பிலிம் காலத்தில் ஸ்டூடியோ நடத்திய வீடுகளில் இத்தகைய லென்ஸ் ஒன்றேனும் அலமாரியில் கிடப்பது அரிதல்ல. குறைந்த வெளிச்சத்திலும் படமெடுக்க உதவும் புதிய லென்ஸ் ஒன்றின் விலை பல ஆயிரங்களைத் தாண்டுகிறது. அதே பணியைச் செய்யக்கூடிய பழைய லென்ஸோ பல வேளைகளில் பழைய இரும்புடன் எடைக்குப் போகிறது. மறுபுறம், பொருத்தம் அறியாமல் மாட்டினால் கேமராவின் பாகம் உடையலாம். பூஞ்சை பிடித்த லென்ஸை வாங்கினால் பணமும் வீணாகும்.

சில மில்லிமீட்டர் கணக்கு

எந்த லென்ஸ் எந்தக் கேமராவில் பொருந்தும் என்பதை ஒரே ஓர் அளவு தீர்மானிக்கிறது. லென்ஸ் அமரும் உலோக வளையத்துக்கும், படம் பதியும் பரப்புக்கும் இடையிலான தொலைவே அது. 1959-இல் அறிமுகமான நிக்கான் எஃப் வகைக்கு இது 46.5 மி.மீ. பழைய திருகு வகையான எம்42-க்கு 45.46 மி.மீ. கேனான் எஃப்டி வகைக்கு 42 மி.மீ. பிரதிபலிப்புக் கண்ணாடி மடங்கி எழ இடம் வேண்டியிருந்ததால் அக்காலத்தில் இவ்வளவு தொலைவு தேவைப்பட்டது.

மிரர்லெஸ் கேமராக்களில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி இ வகையில் தொலைவு 18 மி.மீ., நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ., கேனான் ஆர்எஃப் வகையில் 20 மி.மீ. மட்டுமே. மிச்சமுள்ள இடைவெளியை அடாப்டர் எனப்படும் வெற்று உலோகக் குழாய் நிரப்பிவிடுகிறது. அதில் கண்ணாடியோ மின்னணுப் பாகமோ கிடையாது; ஆகவே விலையும் குறைவு.

டிஜிட்டல் எஸ்எல்ஆர் வைத்திருப்போரின் நிலை வேறு. கேனான் இஎஃப் வகையின் தொலைவு 44 மி.மீ. என்பதால், எம்42 லென்ஸை ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள வளையத்தால் பொருத்திவிடலாம். நிக்கான் எஸ்எல்ஆரில் அதே லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னால் தள்ளி நிற்கும். ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரித் துணியின் கோடுகளை அருகிலிருந்து எடுத்தால் படம் தெளிவாக வரும். தலக்கோணா அருவியைத் தொலைவிலிருந்து எடுத்தால் மங்கலாகவே இருக்கும். இதைச் சரிசெய்யக் கண்ணாடி பதித்த அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. மலிவான ரகங்கள் படத்தின் தரத்தையே குறைத்துவிடுவதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நிக்கான் பயனர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1977-இல் 'ஏஐ' என்ற மாற்றம் வருவதற்கு முன் தயாரான லென்ஸ்களை நேரடியாக மாட்டினால், சில எஸ்எல்ஆர் மாடல்களில் ஒளி அளவியுடன் இணைந்த சிறு நெம்புகோல் உடையக்கூடும். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. கேமராவின் கையேட்டைப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

எல்லாப் பழைய கேமராவும் லென்ஸைக் கழற்றித் தராது. ஸ்டூடியோக்களில் ஒரு காலத்தில் கோலோச்சிய இரட்டை லென்ஸ் யாஷிகா கேமராவிலும், வீடுகளில் இருந்த அக்பா கிளிக் 3-இலும் லென்ஸ் உடலோடு பிணைந்தது. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே பாதுகாப்பதே மேல்.

கேமராவிடம் சொல்ல வேண்டியவை

பழைய லென்ஸில் மின் தொடர்பு இல்லாததால், கேமரா தன்னிடம் லென்ஸே இல்லை என்று கருதி ஷட்டரை இயக்க மறுக்கும். 'லென்ஸ் இன்றிப் படமெடுக்க' அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்கினால் போதும். புதிதாக முயல்வோர் பலர் முதலில் தடுமாறுவது இங்கேதான். கேமராவின் உடலில் நடுக்கத் தடுப்பு வசதி இருந்தால், லென்ஸின் குவிய தூரத்தைக் கையால் பதிவு செய்ய வேண்டும். எம்42 லென்ஸில் ஏ, எம் என்ற சிறு விசை காணப்பட்டால் எம் பக்கம் வைக்க வேண்டும்; இல்லையெனில் அபெர்ச்சர் மூடாது.

ஃபோகஸ் முழுவதும் விரல்களின் வேலை. தெளிவான விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் 'ஃபோகஸ் பீக்கிங்' வசதியும், திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் இதற்கு உதவுகின்றன. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4 அளவில் திறந்து ஒரு மீட்டர் தொலைவில் இருப்பவரைப் படமெடுத்தால், தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்தான். கண் தெளிந்தால் காது மங்கும். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமராவில் இதே 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. லென்ஸின் கோணத்தைத் தரும் என்பதால், நெருக்கடியான திருமண மண்டபத்தில் பின்னால் நகர இடம் இருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே சந்திரகிரிக் கோட்டை ராஜ மகாலின் வளைவுகள், திருமலையின் சிலாதோரணம், அமர்ந்து கோடு தீட்டும் கலம்காரிக் கலைஞரின் கை போன்ற அசையாத அல்லது மெல்ல அசையும் காட்சிகளுக்கே இந்த லென்ஸ்கள் ஏற்றவை. பிரம்மோற்சவத்தில் மாட வீதிகளில் நகரும் வாகன சேவையைக் கூட்டத்துக்கு இடையே இவற்றால் பிடிப்பது கடினம். அதற்குத் தானியங்கி ஃபோகஸே கைகொடுக்கும். திருமலைக் கோயிலுக்குள் கேமராவுக்கும் செல்பேசிக்கும் அனுமதி இல்லை என்பது தெரிந்ததே.

அழகா, குறையா?

சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் ஜெனா உருவாக்கிய பயோட்டார் லென்ஸின் வடிவமைப்பைத் தழுவியது. 58 மி.மீ., எஃப் 2 அளவுள்ள இதில் பின்னணி இலைகள் சுழல்வதுபோல் தோன்றும். இலக்கணப்படி இது குறைபாடு. ரசிகர்களுக்கு இதுவே அழகு. 2024-இல் வெளியான 'டூன்' இரண்டாம் பாகத்தின் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் மறுவடிவமைக்கப்பட்ட சோவியத் லென்ஸ்களைப் பயன்படுத்தியபின் இவற்றின் மீதான ஆர்வம் மேலும் கூடியது. எனினும் அந்தப் பெயரைச் சொல்லி விலையை ஏற்றும் விற்பனையாளர்களை நம்ப வேண்டியதில்லை. ஹீலியோஸ் பெருமளவில் தயாரான சாதாரண லென்ஸ்தான்.

பழைய ஒளியியலைப் புதிய மின்னணுவுடன் இணைக்கும் முயற்சிக்கு அருகிலேயே பெரிய சான்று உண்டு. எல்லை தாண்டி, தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில் (பெயர் ஒலிப்பால் திருப்பதியுடன் குழம்ப வேண்டாம்) காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்கு 1972-இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி அதே கார்ல் ஜெய்ஸ் ஜெனாவின் தயாரிப்பு. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்ட அவதானிப்புகளில் அதற்கும் பங்கு உண்டு. லென்ஸுக்குப் பதில் ஆடி கொண்ட அந்தக் கருவி, பின்னாளில் டிஜிட்டல் உணர்விகளுடன் இணைந்து பணியைத் தொடர்ந்தது.

பூஞ்சையே முதல் எதிரி

வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இப்பகுதி லென்ஸ்களுக்குப் பெரும் சோதனை. மூடிய தோல் உறையில் பல ஆண்டுகள் கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். வாங்கும் முன் இரு மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, செல்பேசி டார்ச்சைப் பின்புறமிருந்து அடித்து முன்புறம் பார்க்க வேண்டும். சில தூசுத் துகள்களால் பாதகமில்லை. வலைப் பின்னலோ, பனி மூடியது போன்ற மங்கலோ தென்பட்டால் தவிர்க்கலாம். அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மின்னுகிறதா, ஃபோகஸ் வளையம் இறுகிப்போயிருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

லென்ஸ் லேசாகப் பழுப்பு மஞ்சளாகத் தெரிந்தால் அது அழுக்கு என்று கருதிவிடக் கூடாது. சில டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருந்தது. காலப்போக்கில் அது மஞ்சளாகும். சில நாள் புற ஊதா ஒளி பட்டால் நிறம் குறையும். அதன் கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைப்பதோ கூடாது.

ஈரம் போகட்டும் என்று லென்ஸை மொட்டை மாடி வெயிலில் காய வைக்கும் வழக்கமும் ஆபத்தானது. 40 டிகிரியைத் தாண்டும் கோடையில் உள்ளிருக்கும் கிரீஸ் உருகித் தகடுகளில் படியும். குவியும் வெயில் அருகிலுள்ள துணியைப் பற்ற வைக்கவும் கூடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அவை நிறம் மாறும்போது மாற்றினால் போதும். ஏற்கெனவே பூஞ்சை கண்ட லென்ஸை, சுத்தம் செய்யும் வரை மற்ற லென்ஸ்களுடன் ஒரே பையில் வைக்காமல் தனியே வைக்க வேண்டும்.