இணையவழி எம்.பீ.ஏ.: மலிவு எது, மதிப்பு எது?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வார இறுதி வகுப்புகளுக்காக வெள்ளி இரவு புறப்பட்டு, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை கடமைக்குச் சமுகமளித்து எம்.பீ.ஏ. பட்டம் பெற்றோர் நம் மத்தியில் இருக்கின்றனர். அவர்களது விடாமுயற்சி போற்றத்தக்கது. எனினும் அது எல்லோருக்கும் இயலக்கூடியதன்று. குடும்பப் பொறுப்புள்ள ஆசிரியைகளுக்கும், வங்கிகளில் பணிபுரியும் தமிழ், முஸ்லிம் பெண்களுக்கும், துறைமுகத்திலும் சீனன்குடாத் தொழிற்சாலைகளிலும் முறைமாற்று வேலை செய்வோருக்கும் இணையவழிக் கல்வி ஒரு வரப்பிரசாதம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் வாய்ப்புப் பெருகும்போது ஏமாற்றமும் உடன் பெருகுகின்றது. 'குறைந்த கட்டணம்', 'ஏற்கெனவே பெற்ற கிரெடிட் முழுமையாக ஏற்கப்படும்' என்னும் இரு வாக்குறுதிகளே இத்தகைய விளம்பரங்களின் உயிர்நாடி. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும் வழியை எமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம் என நாம் கருதுகின்றோம்.

கிரெடிட் என்பது கற்றலுக்குச் செலவிடும் நேரத்தின் அளவுகோல். ஆனால் அந்த அளவுகோல் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. 2012 இல் அறிமுகமான இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். பிரித்தானியாவில் அது 10 மணிநேரம். ஐரோப்பிய முறைமையில் 25 முதல் 30 மணிநேரம். இந்தியாவின் இந்திரா காந்தி தேசிய திறந்த பல்கலைக்கழகத்தில் 30 மணிநேரம். எனவே பிரித்தானிய முதுமாணிப் பட்டத்தின் 180 கிரெடிட் என்பது 1,800 மணிநேரமாகும். இலங்கைச் சட்டகத்தின் 9 ஆம் மட்ட முதுமாணிக்குரிய 30 கிரெடிட் 1,500 மணிநேரம். ஆய்வுக் கூறுடன் கூடிய 10 ஆம் மட்ட முதுமாணிக்குரிய 60 கிரெடிட் 3,000 மணிநேரம். 180 என்னும் எண்ணைக் கண்டு மலைப்பதும், 30 என்னும் எண்ணைக் கண்டு இளக்காரம் கொள்வதும் ஒருசேரத் தவறானவை.

மட்டங்களின் எண்களிலும் இதே மயக்கம் உண்டு. பிரித்தானியாவில் 7 ஆம் மட்டம் என்பது முதுமாணித் தரத்தைக் குறிக்கும். இலங்கையிலோ 7 ஆம் மட்டம் பட்டப்பின் சான்றிதழ் மாத்திரமே. எம் நாட்டில் பெரிதும் விற்பனையாகும் '7 ஆம் மட்ட டிப்ளோமா' 120 பிரித்தானிய கிரெடிட் கொண்டது. அது பட்டமன்று. எஞ்சிய 60 கிரெடிட்டை ஒரு பல்கலைக்கழகத்தில் பூர்த்தி செய்த பின்னரே எம்.பீ.ஏ. கைக்கு வரும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. டிப்ளோமா வழங்கும் நிறுவனத்துக்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான உடன்படிக்கை இடைநடுவில் முடிவடைந்தால் மாணவரின் 120 கிரெடிட் அந்தரத்தில் தொங்கும்.

இங்கு மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. கிரெடிட்டை ஏற்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அதை வழங்கிய நிறுவனமன்று, ஏற்கவிருக்கும் பல்கலைக்கழகமே. காசோலையில் எத்தொகையையும் எழுதலாம். அதற்குப் பணம் தருவது வங்கியின் கையில் இருக்கின்றது. பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும் கிரெடிட்டுக்கு உச்சவரம்பு விதித்துள்ளன. சில ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்றலைச் சில ஏற்பதில்லை. பாட விலக்கு கிடைத்தால் கட்டணமும் குறையும் என்றும் எண்ணிவிடலாகாது. காலத்தைக் குறைத்துக் கட்டணத்தை முழுமையாக அறவிடும் இடங்களும் உள்ளன. உதாரணமாக, ஆறு இலட்சம் ரூபா கட்டணத்தில் எந்த விலக்கும் அளிக்காத பாடநெறியைவிட, ஒன்பது இலட்சம் ரூபா கட்டணத்தில் பாதிப் பாடங்களுக்கு விலக்களித்து, கட்டணத்தையும் பாதியாக்கும் பாடநெறியே மலிவானது.

செலவின் மறுபக்கம் நாணய மாற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. 3,000 டொலர் கட்டணம் ஆறு இலட்சம் ரூபாவிலிருந்து பத்து இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவாக உயர்ந்தது. மாணவர் கற்ற பாடம் ஒன்றேனும் கூடவில்லை. கடன் மாத்திரம் கூடியது. தவணைக் கொடுப்பனவு எந்த நாணயத்தில் என்பதைக் கேட்டறிவது இதனாலேயே இன்றியமையாதது. நகையை அடகு வைத்துப் பயில்வோர் வட்டியையும் கட்டணத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்கள், தவணை முறைக்குள் வட்டி மறைந்திருக்கின்றதா என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வது நன்று.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக எழ வேண்டிய வினா, பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதாகும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாகக் கேட்டறியலாம். பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. அதன் பெயரில் இங்கு இயங்கும் கல்லூரிக்கு அப்பட்டத்தைக் கற்பிக்கும் அதிகாரம் இருப்பது வேறு. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் செல்ல எண்ணுவோர், இணையவழிப் பட்டத்தை அந்நாடு ஏற்குமா என்பதையும் பணம் கட்டுமுன் விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பெயரின் மோகத்தில் உள்நாட்டு வாய்ப்புகளைப் புறந்தள்ளுவதும் விவேகமன்று. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பொதுநலவாய நாடுகளின் கூட்டு முயற்சியாக உருவான எம்.பீ.ஏ. பாடநெறியை நடத்தி வந்துள்ளது. அதன் கல்வி நிலையம் திருகோணமலையிலும் உண்டு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் எமது மாகாணத்திலேயே இருக்கின்றது. ரூபாவில் கட்டணம், ஐயத்துக்கிடமற்ற அங்கீகாரம் என்பன சாதாரண அனுகூலங்களல்ல. கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், தொழில்புரிவோருக்கு ஏற்ற இணையவழி முகாமைத்துவ முதுமாணியைத் தொடங்குமாயின் இப்பிரதேசத்தின் இரு சமூகங்களும் பயனடையும்.

ஆகவே பதிவுக் கட்டணம் செலுத்துமுன் இரண்டு பத்திரங்களைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்று, எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்பதைப் பல்கலைக்கழகமே எழுத்தில் உறுதிப்படுத்தும் கடிதம். மற்றையது, பரீட்சை, ஆய்வறிக்கை, பட்டமளிப்பு உட்பட இறுதி நாள் வரையான மொத்தச் செலவின் விபரம். இவற்றைத் தர மறுக்கும் நிறுவனத்தின் வாய்மொழி வாக்குறுதி எத்துணை இனிதாயினும் அதை நம்பிக் கைப்பணத்தை இழக்கலாகாது. மானியங்கள் ஆணைக்குழுவும் இத்தகவல்களை எளிய தமிழில் மக்களுக்கு எட்டச் செய்ய வேண்டும். குருவி சேர்ப்பதுபோல் சேர்த்த பணத்தையே எமது இளையோர் கல்விக்காகச் செலவிடுகின்றனர். அது வெறும் காகிதமாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் உரிமையில்லை.