ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு என்பது, 'மாட்சா' எனப்படும் பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் கலக்கி விருந்தினருக்கு வழங்கும் மரபுவழி விருந்தோம்பல் முறையாகும். ஜப்பானிய மொழியில் இதற்குச் 'சானோயு' என்று பெயர். 'தேநீருக்கான வெந்நீர்' என்பது நேர்ப்பொருள். விருந்தளிப்பவருக்கு மட்டுமின்றி விருந்தினருக்கும் இதில் வரையறுத்த கடமைகள் உண்டு.

வரலாறு

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐசாய் என்னும் புத்தத் துறவி சீனாவிலிருந்து திரும்பியபின் தூள் தேநீர் ஜப்பானில் பரவியது. பிற்காலத்தில் செல்வர்கள் விலையுயர்ந்த சீனக் கலன்களைக் காட்சிப்படுத்தும் விருந்தாக இது மாறியது. முராத்தா சூக்கோ, தாக்கெனோ ஜோஓ ஆகியோர் இதை எளிமைக்குத் திருப்பினர். சென் நோ ரிக்கியூ (1522–1591) அந்த எளிமைக்கு முழு வடிவம் தந்தார்.

தேநீர் அறை

ரிக்கியூ அமைத்ததாகக் கருதப்படும் 'தைஆன்' என்னும் அறை கியோத்தோவுக்கு அருகில் இன்றும் உள்ளது. விருந்து நடக்கும் இடத்தின் பரப்பு இரண்டு கோரைப்பாய் அளவே. இதன் நுழைவாயில் மிகச் சிறியது. போர்வீரர் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து ஊர்ந்தே உள்ளே வரவேண்டும். ஆட்சியாளருக்கும் வணிகருக்கும் வாயில் ஒன்றே.

விருந்தினர் செய்பவை

1. தோட்டத்துக் கற்றொட்டி நீரில் கையையும் வாயையும் தூய்மை செய்தல்.
2. அறையில் தொங்கும் எழுத்தோவியத்தையும் மலரையும் வணங்கிப் பார்த்தல்.
3. தேநீரின் கசப்புக்கு ஈடாக, முதலில் இனிப்பை உண்ணுதல்.
4. முன் அருந்துவதற்காக அடுத்தவரிடம் பொறுத்தருளக் கேட்டல்.
5. கிண்ணத்தின் அழகிய முகப்பில் வாய் படாதவாறு அதைச் சற்றுத் திருப்பி அருந்துதல்.
6. விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தின் வேலைப்பாட்டைக் கவனித்துப் பார்த்தல்.

விருந்தளிப்பவர் அவர்கள் கண்முன்னேயே கலன்களைத் துடைத்து, மூங்கில் துடைப்பானால் தேநீரை நுரைக்கக் கலக்குவார். கெட்டியான தேநீரை அனைவரும் ஒரே கிண்ணத்தில் பகிர்ந்து அருந்துவர்.

ரிக்கியூவின் முடிவு

ரிக்கியூ, ஜப்பானை ஒன்றிணைத்த டொயோட்டோமி ஹிதேயோஷியின் தேநீர் ஆசானாக விளங்கினார். தங்கத்தால் இழைத்த தேநீர் அறையொன்றை ஹிதேயோஷி செய்வித்தார். அதை 1586இல் அரண்மனைக்குக் கொண்டுசென்று பேரரசருக்குத் தேநீர் வழங்கினார். ஆசானின் இரண்டு பாய் அறைக்கு அது நேர்மாறானது. 1591இல் ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்கியூ தம் வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். ஆணைக்கான காரணம் குறித்து ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை.

எனினும் அவர் வகுத்த முறை அழியவில்லை. அவருடைய வழித்தோன்றல்கள் நிறுவிய ஒமொத்தேசென்கே, உராசென்கே, முஷாகோஜிசென்கே ஆகிய மூன்று மரபுகளும் கியோத்தோவில் இன்றும் அதைக் கற்பித்து வருகின்றன.