யானை மேல் ஏறிய இரு தலைவர்கள்

புத்தர் போதி மரத்தடியில் அமர்ந்திருக்க, கிரிமேகலை என்ற யானை மேல் தீய சக்தியான மாரன் படையோடு பாய்ந்து வருவான். இலங்கை விகாரைச் சுவர்களில் காலங்காலமாகத் தீட்டப்படும் காட்சி இது. ஊவாவில் ஹாலிஎலப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு மாரன் யாரென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1956 தேர்தலில் அந்த மாரனுக்குப் பிரதமரின் முகம் வந்தது.

அன்றைய பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல. அவரை எதிர்த்து நின்ற பிக்குகள் தரப்பு பரப்பிய படத்தில் அவர் யானை மேல் வருகிறார். ஈட்டி புத்தரை நோக்கி நீள்கிறது. கூட வரும் கூட்டத்தில் அறுத்த கன்றின் உடல். விருந்தில் மாட்டிறைச்சி சுடுபவர் என்று அவர்மேல் ஏற்கெனவே பேச்சு இருந்தது. யானைக்கு ஓவியர் தனியாக மெனக்கெடவே இல்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னமே அதுதான்!

அரசியல்வாதியைக் கேலிச்சித்திரமாக்கும் இந்த வித்தை புதிதல்ல; மூன்றாம் ஜோர்ஜ் காலத்து லண்டனில் நன்றாகப் பழகியது. கிழக்கிந்தியக் கம்பெனியைத் தன் ஆட்களின் பிடிக்குள் கொண்டுவரும் மசோதாவை அமைச்சர் சார்ள்ஸ் ஜேம்ஸ் ஃபொக்ஸ் கொண்டுவந்தபோது, 1783 டிசம்பர் 5 அன்று கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் சேயர்ஸ் ஒரு படம் வெளியிட்டார். தலைப்பாகை கட்டிய ஃபொக்ஸ், கம்பெனித் தலைமையகத்துக்கு யானையில் பவனி வருகிறார். யானைக்கு மனித முகம்: நேற்றுவரை அவருக்கு எதிரியாக இருந்து கூட்டாளியான நோர்த் பிரபு. முன்னால் ஃபொக்ஸின் கூட்டாளி எட்மண்ட் பர்க் எக்காளம் ஊதுகிறார்.

இப்படிப்பட்ட படங்களைச் செப்புத் தகட்டில் செய்தார்கள். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலம் ஊற்றுவார்கள். மெழுகு விலகிய கோட்டை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் வந்துவிடும். அச்சில் இடவலம் மாறுமென்பதால், எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலவே கீற வேண்டும். வர்ணம் கையால்தான். வாங்க வசதியில்லாதவர்கள் கடை ஜன்னலில் முண்டியடித்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

யானை உடம்பிலும் நோர்த் எப்படி நோர்த்தாகவே தெரிந்தார்? சராசரி முகத்திலிருந்து ஒருவர் எங்கெங்கே விலகுகிறார் என்பதை நம் மூளை கவனித்து வைத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். 1980களில் ஆய்வாளர் சூசன் பிரென்னன் அந்த விலகலைக் கணக்கிட்டுப் பெருக்கும் கணினி நிரல் எழுதினார். கில்லியன் ரோட்ஸுடன் சேர்ந்து நடத்திய சோதனையில், தெரிந்த முகங்களின் உள்ளபடியான கோட்டோவியங்களைவிட மிகைப்படுத்தியவற்றை மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். எனக்கென்னவோ, முகத்தைப் பெருக்குவது பாதி வேலைதான். பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பழைய காட்சியில் அதைக் கொண்டுபோய் ஒட்டுவதில்தான் குத்து இருக்கிறது.

ஃபொக்ஸின் மசோதா அந்த டிசம்பரிலேயே பிரபுக்கள் சபையில் தோற்றது; அரசர் அமைச்சரவையைக் கலைத்தார். நாடாளுமன்ற விவாதங்களைவிட சேயர்ஸின் படங்களே தனக்கு அதிகம் கெடுதல் செய்தன என்று ஃபொக்ஸ் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். கொத்தலாவலவின் கட்சிக்கு 1956இல் கிடைத்தது 8 ஆசனங்கள். படத்தால்தான் இந்த வீழ்ச்சி என்றால் நான் நம்பமாட்டேன். 'சிங்களம் மட்டும்' என்ற கோஷமும், 1953இல் அரிசி விலை உயர்வு கிளப்பிய கோபமும் அதைவிடப் பெரியவை.

ஊவாத் தோட்டங்களில் கதை வேறு. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. மாரன் படத்தைப் பார்த்து அவர்கள் யாரை வெறுத்திருந்தாலும் ஓட்டுப் பெட்டிக்கு ஒன்றுமில்லை.