குழலுக்கும் குண்டுக்கும் பொருத்தம்

நெய்வேலி வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் வந்தால் கடைவீதியில் பலூன் சுடும் கடைக்காரரும் வந்துவிடுவார். அவருடைய ஏர் கன்னில் போடும் ஈய ரவைக்கும் ஒலிம்பிக்கில் சுடும் ரவைக்கும் விட்டம் ஒன்றுதான், 4.5 மி.மீ. ஆனால் பலூனுக்கு எந்த ரவையானாலும் சரி. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கிலோ பத்தாம் வட்டம் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. பேனாவால் அழுத்தி வைத்தால்கூட அதைவிடப் பெரிதாகிவிடும். அங்கே போனதும், "புதுத் துப்பாக்கிக்கு எந்த ரவை?" என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது.

ஒரு காலத்தில் இது வேட்டைக்காரர்களின் கேள்வி. 1972-ல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை படிப்படியாக முடிந்தது. கேள்வி விளையாட்டு அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. (ஏர் கன்தானே என்று கொக்கையும் மைனாவையும் சுடுவதும் அதே சட்டப்படி குற்றம்தான்.) நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வெண்கலம் வென்ற ககன் நரங் பிறந்தது சென்னையில்.

ரவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரை கிராம்தான் எடை. முன்னால் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடை, பின்னால் உள்ளீடற்ற பாவாடை. அழுத்தப்பட்ட காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்தப் பாவாடை விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொள்ளும். குழலின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் சுழல்வரிகள் ரவையைச் சுழலவைக்கும். போட்டி ரவை டப்பாக்களில் தலையின் விட்டத்தை 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டே விற்கிறார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம்! அது எதற்கு என்றால், ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு குழல்கள்கூட அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. உட்துளையின் அளவு, வாயின் விளிம்பு, சுடும்போது குழல் அதிரும் விதம் எல்லாம் சிறிது மாறும். ரவையிலும் தொகுதிக்குத் தொகுதி அப்படித்தான். எதற்கு எது பொருந்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல இன்றுவரை வழியில்லை. சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். ரவை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். வேகம் ஒரே ஒரு சதவீதம் குறைந்தால் இன்னும் மூன்றில் ஒரு மி.மீ. இறங்கும். இலக்கில் ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. என்பதால், தசமப் புள்ளிக் கணக்கில் இது 0.1-க்கு மேல் போகும். பதக்கத்தைத் தீர்மானிப்பதும் இந்தத் தசமங்கள்தான்: 2008 பெய்ஜிங்கில் இதே போட்டியில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 700.5 புள்ளியில், வெள்ளி வாங்கிய சீனரின் புள்ளி 699.7.

காற்றுக்குப் பதில் வெடிமருந்து அடைத்த தோட்டாவில் இன்னொரு தொல்லை, வெயில். குன்னூரை அடுத்த அருவங்காட்டு ஆலை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து செய்துவந்த கார்டைட் போன்ற மருந்துகள் சூட்டில் வேகமாக எரியும்; குழலுக்குள் அழுத்தம் ஏறும், குண்டு விழும் இடம் மாறும். பிரிட்டனின் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளை இன்ன எடை குண்டுக்கு, இன்ன அளவு மருந்துக்கு என்று முடிவுசெய்து, அதற்கேற்பத்தான் இரு குழல்களையும் இணைத்தார்கள். அந்த அளவைக் குழலிலேயே பொறித்தும் வைத்தார்கள். இந்தியாவுக்கு வரும் தோட்டாக்களில் மருந்தைக் குறைத்து, 'வெப்பநாட்டு' வகை என்று தனியாக அடைத்ததும் உண்டு. நெய்வேலியின் மே மாதத்தை நினைத்தால் அது வீண் கவலை இல்லை.

சுட்டுப் பார்ப்பது எப்படி? துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி, 10 மீட்டரில் ஒரே இடத்தைப் பார்த்து வரிசையாகச் சுடுவார்கள். நல்ல ஜோடி அமைந்தால் எல்லாத் துளைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, விளிம்புக்கு விளிம்பு அளந்தால் 6 மி.மீ.க்குள் ஒரே ஓட்டையாகத் தெரியும்.

ஏமாறுவதும் இங்கேதான். ஐந்து ரவை சுட்டு, ஓட்டை அழகாக விழுந்ததும் "இதுதான் என் ரவை" என்று முடிவுகட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை. புள்ளியியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதே துப்பாக்கி, அதே ரவை. மூன்று சுட்டால் சிதறலின் சராசரி அகலம் 1 என்று வையுங்கள். ஐந்து சுட்டால் அது 1.27 ஆகும், பத்து சுட்டால் 1.58. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, ஓரத்தில் விழும் ரவைக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று: முற்றிலும் ஒரே தரமுள்ள பத்து டப்பாக்களிலிருந்து தலா ஐந்து ரவை சுட்டால், அவற்றில் 'மிகச் சிறந்ததும்' 'மிக மோசமானதும்' இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டுவது சாதாரணம். காரணம் தற்செயல் மட்டுமே. அந்தப் படத்தைக் காட்டி "பார்த்தீங்களா!" என்று நண்பரிடம் பெருமைப்படுபவர் ரவையை அளக்கவில்லை, அதிர்ஷ்டத்தை அளந்திருக்கிறார்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஓட்டையின் அகலத்தோடு நிற்பதில்லை. அகலத்தைத் தீர்மானிப்பது கடைக்கோடியில் விழுந்த இரண்டு ரவைகள். நடுவில் விழுந்தவற்றுக்கு அதில் பேச்சே இல்லை. ஒவ்வொரு துளையும் மொத்தத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து சராசரி எடுத்தால் எல்லா ரவையின் சாட்சியும் சேரும். முதல் சுற்றில் மோசமானவற்றைக் கழித்துவிட்டு, தேறியவற்றை மறுநாள் புதிதாக, அதிக எண்ணிக்கையில் சுட வேண்டும். முதல் நாள் ஜெயித்த டப்பா மறுநாளும் ஜெயித்தால்தான் கணக்கு.

ஜெர்மனி, இங்கிலாந்து தோட்டா நிறுவனங்கள் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் நடத்துகின்றன. வீரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், பொருந்தும் தொகுதி எண்ணைக் கண்டுபிடித்து, அதே எண்ணில் ஆயிரக்கணக்கில் வாங்கிவருவார்கள். அந்தத் தொகுதி தீர்ந்துபோனால், அதே பெயர், அதே அளவு போட்ட டப்பா கடையில் கிடைத்தாலும் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.