ஊரெல்லாம் பங்கிட்டுண்ணும் லமலேரா

இந்தோனேஷியாவின் கீழ்த்திசைத் தீவுகளுள் ஒன்று லெம்பாட்டா. அதன் தென்கரையில், மலைச்சரிவு கடலைத் தொடுமிடத்தில் அமைந்துள்ளது லமலேரா என்னுஞ் சிற்றூர். கல்லும் பாறையுமான அந்நிலத்தில் பயிர் செழிப்பதில்லை. ஆதலால் கடலே அவ்வூராருக்கு வயலாயிற்று.

ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் கடற்கரையிலே பூசை ஒப்புக்கொடுத்து, கடலில் மாண்டோரை நினைந்து, வேட்டைப் பருவத்தைத் தொடங்குவர். இரும்பாணியின்றி மரமுளைகளால் இணைத்த படகு. மூங்கிற் கழியிற் செருகிய எறியீட்டி. இவையே அவர்தம் கருவிகள். ‘லமஃபா’ எனப்படும் ஈட்டிவீரன் படகின் அணியத்திலிருந்து தாவி, தன் உடற்பாரம் முழுவதையும் ஈட்டிக்கு அளித்து, ஸ்பேர்ம் திமிங்கிலத்தின்மீது பாய்கிறான். 1994ஆம் ஆண்டில் காயமுற்ற திமிங்கிலமொன்று படகுகளை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றது. ஆட்கள் மீட்கப்பட்டனர்; படகுகள் மீளவில்லை.

பிடிபட்ட திமிங்கிலம் ஒருவனுக்கு உரியதன்று. படகோட்டி, தச்சன், கொல்லன் ஆகியோர்க்கு இன்ன பாகமென்று பரம்பரை விதியுண்டு. விதவைகளும் அநாதைகளும் மறக்கப்படுவதில்லை. பெண்கள் இறைச்சி வற்றலைத் தலையிற் சுமந்து சென்று, மலையூராரிடம் சோளமும் வாழைப்பழமும் பண்டமாற்றாகப் பெறுவர்.

இன்று ஓலைப்பாய் போய் இயந்திரம் வந்துவிட்டது, வலையும் வந்துவிட்டது. ஸ்பேர்ம் திமிங்கிலம் இந்தோனேஷியச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள உயிரினம். வேட்டை நீடிக்குமோ, நிற்குமோ? அஃது எவ்வாறாயினும், வலைமீன் வலைக்காரன் வீட்டுக்கே செல்லும். திமிங்கிலமோ ஊரெங்கும் அடுப்பெரிக்கும். அப்பங்கு முறை அழியுமாயின், லமலேரா இழப்பது உணவை மட்டுமன்று, உறவையுமன்றோ!