பிளாஸ்மா ஏத்தினா பிழைச்சுக்கலாமா?

2020, 21-ம் வருஷங்களில் கொரோனா புகுந்த வீடுகளில் ஓயாமல் அடிபட்ட வார்த்தை பிளாஸ்மா. நோய் வந்து தேறினவர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மஞ்சள் திரவம். அதை நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்று நம்பினோம். 2020 ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் அதற்கென்று வங்கியே திறந்தார்கள். எங்கள் சங்கரன்கோவிலில் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, வீட்டுக்காரருக்காகத் தெருத்தெருவாய் ஆள் தேடி அலைந்தாள். கழுத்துச் சங்கிலியும் அடகுக்குப் போச்சு.

பலன் உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தைக்குச் சளிக்காய்ச்சல், கஷாயம் கொடுக்கிறோம், மூணாம் நாள் இறங்குது. கஷாயம் குடிக்காத பக்கத்து வீட்டுக் குழந்தையும் மூணாம் நாள் விளையாட வந்துட்டா? அதனால்தான் இரண்டு பக்கமும் நிறையப் பேரை வைத்துப் பார்க்கணும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைத்தான் செய்தது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 ஆஸ்பத்திரிகள், 464 நோயாளிகள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்து, 235 பேருக்கு வழக்கமான வைத்தியத்தோடு பிளாஸ்மா. 229 பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள், ஏற்றினவர்களில் 44 பேர், ஏற்றாதவர்களில் 41 பேர். மூச்சுத்திணறலும் அசதியும் சிலருக்குச் சீக்கிரம் குறைந்தது. உயிர் விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

இத்தோடு விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. "தானம் கொடுத்தவர்கள் பலர் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியே குறைச்சல்", "சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் உதவியிருக்குமோ" என்று கேள்விகள் வந்தன. 464 பேரை இன்னும் கூறு போட்டால் ஒவ்வொரு கூறிலும் கைப்பிடி ஆள்தான் மிஞ்சும். அதனால் நம் நாட்டுக் கணக்கையும் வெளிநாடுகளின் கணக்குகளையும், மொத்தம் எட்டு ஆய்வுகளை ஒன்றாகக் கொட்டி, 2300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒவ்வொருவராக மறுபடி அலசினார்கள். முடிவு 2022 ஜனவரியில் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குப் பொதுவில் பலன் நிரூபணமாகவில்லை. சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்களுக்கும், ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்கும் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்ற ஜாடை மட்டும் தெரிந்தது.

ஒருத்தர் எழுதி வைத்த கணக்கை இன்னொருத்தர் கூட்டிப் பார்ப்பதில் என்ன அவமானம்? நாம வாங்குற தீப்பெட்டிக்குக்கூட வரி கட்டுறோமே, அந்தப் பணத்தில் நடந்த ஆய்வுதானே!

நம் அரசு 2021 மே மாதமே பிளாஸ்மாவைச் சிகிச்சை முறையிலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் பெண் அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் சங்கிலியை வைத்தாள். வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார், பிளாஸ்மாவாலா என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.